வெந்நீர் வராத வீட்டு வண்டி

பயணம் என்றவுடன் மூட்டை முடிச்சுகளும், இரயில் நிலையக் கூட்டமும், விடுதி அறையும் நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு புறப்படும் பயணத்தை நம்மில் பலர் கண்டதில்லை. 2022ஆம் ஆண்டில் ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள ஒரு பங்கில் விடுமுறைக்காலப் பணிக்காகச் சென்றிருந்தபோது, எனக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. பணி முடிந்து ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கையில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும், “எங்களுடன் நான்கு நாட்கள் வாருங்கள். ஆல்கொய் மலைநாட்டையும் போடன்ஸே ஏரியையும் காட்டுகிறோம்” என்று அன்புடன் அழைத்தார்கள். மலையையும் கண்டேன், ஏரியையும் கண்டேன். ஆயினும் அப்பயணத்தில் நான் கற்ற பாடம், வண்டியின் பின்மூலையில் படுக்கைக்கு அடியில் இருந்த ஒரு வெந்நீர்க் கலத்திலிருந்துதான் கிடைத்தது. அதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஜெர்மானியர் இத்தகைய ஊர்தியை ‘வோன்மோபில்’ என்பார்கள். நாம் வீட்டு வண்டி எனலாம். ஒரு பெரிய வேனின் உள்ளே சமையல் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சாப்பாட்டு மேசை, கழிவறை, குளியலறை எல்லாம் கையகல இடத்தில் கச்சிதமாக அமைந்திருக்கும். எனக்கு ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இறக்கிக்கொள்ளும் படுக்கை ஒன்றைத் தந்தார்கள். இரவில் எழுந்தால் தலை கூரையில் இடிக்கும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

வண்டிக்குள் இரண்டு வகை மின்சாரம் உண்டு. விளக்கு, தண்ணீர் பம்பு, கருவிகளின் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை பேட்டரியின் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. வண்டிகள் தங்கும் முகாமில் ஒவ்வொரு மனைக்கும் அருகே ஒரு மின்தூண் நிற்கும். அதில் நீலநிற முப்பின் செருகியை மாட்டினால் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே வரும். வெந்நீர்க் கலம் இந்த இரண்டையும் நாடி நிற்பது. பத்து லிட்டர் நீரை எரிவாயுவாலும் சூடாக்கலாம். தூணிலிருந்து வரும் மின்சாரத்தாலும் சூடாக்கலாம். எரிவாயுவால் சூடாக்கும்போதும் பொறி எழுப்பவும், விசிறியைச் சுழற்றவும், சுடரைக் கண்காணிக்கவும் 12 வோல்ட் தேவை.

முதல் நாள் பாட் வால்ட்ஸே என்னும் சிற்றூருக்குச் சென்றோம். 1957இல் தம் முதல் இழுவை வண்டியை உருவாக்கிய எர்வின் ஹைமரின் பெயரால், 2011இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அங்கே உள்ளது. அங்கே நின்றுகொண்டு ஆசிரியர் எனக்கு ஒரு கதை கூறினார். நாங்கள் அன்று மாலை செல்லவிருந்த இஸ்னி நகரில், சாட்டையும் பனிச்சறுக்குக் கோலும் செய்யும் தொழிற்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். வியாபாரத்துக்காக அவர் வாரக்கணக்கில் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. ஓவியரான ஃபிரிடெல் அம்மையாருக்கு அப்பிரிவு தாங்கவில்லை. இருவரும் சேர்ந்தே பயணம் செய்யவும், சென்ற இடத்தில் அம்மையார் ஓவியம் தீட்டவும் ஏற்றதாக, 1931இல் அவர் ஒரு சிறு வண்டியைக் கட்டித் தம் காருக்குப் பின்னே இணைத்தார். அதற்கு ‘வோன்ஆட்டோ’, அதாவது வீட்டுக் கார், என்று பெயரிட்டார். ஜெர்மனியில் இவ்வகை வண்டிகளின் வரலாறு அங்கிருந்தே எழுதப்படுகிறது.

“பார்த்தீர்களா சுவாமி, கணவனும் மனைவியும் பிரியாதிருக்க வேண்டும் என்றுதான் இந்த வண்டியே பிறந்தது!” என்று ஆசிரியர் பெருமையுடன் சொன்னார். அம்மையார் புன்னகைத்தார். மறுநாள் காலையில் அவ்விருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருக்கப்போகிறார்கள் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

இஸ்னி, கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர் உயரத்தில், ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் அமைந்த பழைய நகரம். அதன் மதிலும் கோபுரங்களும் இன்னும் எஞ்சி நிற்கின்றன. சுற்றிலும் பசும்புல் மேடுகள். மேயும் பசுக்களின் கழுத்துமணி ஓசை ஓயாமல் காதில் விழுகிறது. செப்டம்பர் மாத இறுதியாகையால் குளிர் இறங்கியிருந்தது. மழையும் விடாமல் தூறியது. முகாமில் வண்டியை நிறுத்திச் செருகியை மாட்டி, வெந்நீருக்கான விசையை ஆசிரியர் போட்டார். ‘டக்’ என்றொரு ஓசை. வண்டிக்குள் 230 வோல்ட் முழுவதும் நின்றுபோயிற்று. வெளியே சென்று தூணின் விசையை நிமிர்த்திவிட்டு வந்தார். மீண்டும் ‘டக்’. எரிவாயுவுக்கு மாற்றினார். பொறி தட்டும் ஓசை சில விநாடி கேட்டது, பின்னர் சிவப்பு விளக்கு எரிந்தது, கலம் அடங்கிவிட்டது.

ஒரு நாள் வெந்நீர் இல்லாவிட்டால் என்ன என்று நாம் நினைக்கலாம். அம்மையாருக்கு விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்ததும் இரு கைகளையும் வெந்நீரில் கால்மணி நேரம் அமிழ்த்தி வைத்தால்தான் விரல்கள் மடங்கும். அடுப்பில் நீரைச் சுடவைத்து அன்று சமாளித்தார்கள். அந்தப் பாத்திரத்தைத் தூக்கவும் அவருக்குக் கை எழவில்லை. நான்தான் இறக்கி வைத்தேன்.

அப்போதுதான் ஆசிரியர் அந்தச் சொல்லைச் சொன்னார். “போன முறை தொட்டியை நிரப்பியவள் நீ. கலத்துக்குள் நீர் ஏறுமுன்பே விசையைப் போட்டிருப்பாய். உள்ளே கம்பி எரிந்துவிட்டது. வேறென்ன?”

“எனக்கு அப்படி நினைவில்லையே” என்றார் அம்மையார்.

“உனக்கு எதுதான் நினைவிருக்கிறது?” என்றார் அவர்.

நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரிடம் சொல்லத்தக்க சொல் அன்று அது. அம்மையார் மறுமொழி கூறாமல் சன்னலருகே சென்று அமர்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால், நானும் உள்ளூர ஆசிரியர் கூறியதையே நம்பினேன். நீரில்லாமல் சூடாக்கினால் கம்பிச்சுருள் எரியும் என்பது யாரும் அறிந்ததே. வயதானவர், மறந்திருப்பார் என்று நானும் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். தொலைபேசியில் விசாரித்த பழுதுபார்ப்பு நிலையமும், “கலத்தையே மாற்ற வேண்டியிருக்கும், மூன்று வாரம் கழித்து வாருங்கள்” என்று கூறியது. அவர்கள் சொன்ன தொகை ஆசிரியரின் கோபத்தை இன்னும் வளர்த்தது.

இரண்டாம் நாள் இரவு, தூணில்தான் கோளாறு இருக்குமோ என்ற ஐயத்தில், அடுத்த மனையின் தூணில் செருகிப் பார்த்தார் ஆசிரியர். அந்தப் பழைய தூணில் இரண்டு மூன்று இணைப்புகளுக்கும் ஒரே காவல் விசை. வெந்நீர் விசையைப் போட்டதுதான் தாமதம், அடுத்த வண்டியும் இருளில் மூழ்கியது. கையில் விளக்குடன் ஒரு முதியவர் மழையில் இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அஞ்சினோம். வந்தவரோ, நாற்பத்தைந்து ஆண்டுகள் மின்பணி செய்து ஓய்வு பெற்றவர்.

ஆசிரியர் நடந்ததைச் சொல்லிவிட்டு, “இந்தக் காவல் விசையைத் தவிர்த்து நேராக இணைக்க வழியுண்டா? இரண்டு நாள் ஓடினால் போதும்” என்று கேட்டார்.

முதியவரின் முகம் மாறிற்று. “ஐயா, இந்த விசை உங்களைத் தொல்லைப்படுத்தவில்லை. எங்கோ மின்சாரம் வழிதவறிப் போகிறது என்று கத்துகிறது. நீங்கள் அதன் வாயை அடைக்கச் சொல்கிறீர்கள். வெளியே புல் நனைந்து கிடக்கிறது. வண்டியின் உடல் இரும்பு. எர்த் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்து, உங்கள் மனைவி ஈரக் காலோடு இறங்கிக் கதவின் பிடியைத் தொட்டால் என்ன ஆகும்?” என்றார். ஆசிரியர் தலை கவிழ்ந்தார். “இன்றிரவு அதைத் தொடவேண்டாம். காலையில் கருவிகளுடன் வருகிறேன்” என்று கூறிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை, சொன்னபடியே வந்தார். ஒரு கருவியையும் எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டார். கடைசியாக எப்போது நன்றாக வேலை செய்தது? அதன்பின் வண்டியில் எதையெல்லாம் கழற்றி மாட்டினீர்கள்? விழுவது எந்த விசை?

மூன்றாம் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தூணில் இரண்டு வகைக் காவல் உண்டு. ஒன்று, அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் விழுவது. நம் ஊரில் எம்.சி.பி. என்கிறோமே, அது. முகாம் நமக்கு 6 ஆம்பியர்தான் தருகிறது என்றால், 230 வோல்ட்டில் 1380 வாட்டுக்கு மேல் நாம் இழுக்கலாகாது. 850 வாட் வெந்நீர்க் கலம் ஓடிக்கொண்டிருக்கையில் 2000 வாட் மின்கெண்டியையும் போட்டால் அது விழும். அது பழுதன்று, நம் பேராசை. மற்றொன்று கசிவைக் காண்பது. நம் மின்பணியாளர்கள் ஈ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் அழைப்பது இவ்வகைக் காவலையே. ஒரு கம்பியில் போன மின்சாரம் அப்படியே மறு கம்பியில் திரும்ப வேண்டும். அதில் 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, ஈரத்தின் வழியாகவோ மனித உடலின் வழியாகவோ மண்ணுக்குப் போனாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் இது மின்சாரத்தை அறுத்துவிடும். எங்கள் வண்டிக்கு விழுந்தது இந்த இரண்டாவது விசை.

பிறகு அவர் வெளியிலிருந்து உள்ளே வந்தார். முதலில் வண்டியோடு சேராத வெறும் கம்பியைத் தூணில் மாட்டினார், விசை நின்றது. ஆகவே தூணும் கம்பியும் குற்றமற்றவை. வண்டிக்குள் எல்லா விசைகளையும் அணைத்துவிட்டு இணைத்தார், நின்றது. குளிர்பதனப் பெட்டியைப் போட்டார், நின்றது. பேட்டரிக்கு மின்னேற்றும் கருவியைப் போட்டார்; நின்றது. வெந்நீர்க் கலத்தைப் போட்டார், விழுந்தது. ஐந்து நிமிடத்தில் வண்டி முழுவதும் தேட வேண்டிய வேலை, ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டது.

தூணிலிருந்து செருகியைப் பிடுங்கித் தம் கண்முன்னே வைத்துக்கொண்டார். மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்த பிறகே படுக்கையைத் தூக்கிக் கலத்தின் மூடியைக் கழற்றினார். சூடாக்கும் கம்பிச்சுருளின் இரு முனைகளையும் விடுவித்து மல்டிமீட்டரை வைத்தார். “230 வோல்ட்டில் 850 வாட் தரும் கம்பிக்கு 62 ஓம் இருக்க வேண்டும். எரிந்து அறுந்திருந்தால் முள் அசையாது” என்றார். காட்டிய எண் 62. பிறகு 500 வோல்ட்டில் காப்புறுதியைச் சோதிக்கும் கருவியை, நம்மவர் மெக்கர் என்பதை, கம்பிக்கும் கலத்தின் உடலுக்கும் இடையே வைத்தார். நூறு மெகா ஓமுக்கு மேல் காட்டியது.

அவர் நிமிர்ந்து அம்மையாரைப் பார்த்து, “அம்மா, இந்தக் கம்பி புதிது போல் இருக்கிறது. இதை யாரும் நீரில்லாமல் எரிக்கவில்லை” என்றார்.

வண்டிக்குள் அமைதி நிலவியது. ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, மனத்துக்குள் எழுதிய தீர்ப்பை மனத்துக்குள்ளேயே கிழித்தேன்.

அப்படியானால் கசிவு எங்கே? கட்டுப்பாட்டுப் பலகையைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, கலத்துக்கு வரும் கம்பியையும் அதன் இணைப்புப் பெட்டியையும் சோதித்தார். மெகா ஓம் காட்ட வேண்டிய கருவி சில ஆயிரம் ஓம் மட்டுமே காட்டியது. பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர்! அதற்கு மேலே கைவிட்டுத் தடவினார். வெந்நீர்க் குழாயின் மூட்டு ஒன்றிலிருந்து, பம்பு ஓடும்போதெல்லாம் ஒரு சொட்டு, ஒரு சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயை இறுக்கும் வளையம் சரியான இடத்தில் அமராமல் ஓரமாக இருந்தது.

“இந்தக் குழாயை யார் மாற்றியது?” என்றார் முதியவர்.

“வசந்த காலத்தில் நான்தான் மாற்றினேன்” என்றார் ஆசிரியர், மெல்லிய குரலில்.

எரிவாயுவில் ஏன் எரியவில்லை என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. அடுப்பு நன்றாக எரிந்ததால் வாயுவில் குறையில்லை. வெளிச்சுவரில் புகை போகும் வாயின் மூடியும் அகற்றப்பட்டிருந்தது. பேட்டரியில் அளந்தார்: 12.6 வோல்ட். கலத்தின் முனையில் அளந்தார்: 12.5. எல்லாம் சரி என்றே எனக்குத் தோன்றிற்று. அவரோ, “சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தாம். சுமை ஏறும்போது பார்ப்போம்” என்று கூறி, பம்பையும் வெந்நீர்க் கலத்தையும் ஒருங்கே ஓடவிட்டு மீண்டும் அளந்தார். பேட்டரியில் 12.3; கலத்திலோ 9.9! பத்தரை வோல்ட்டுக்குக் கீழே போனால் இவ்வகைக் கருவிகள் பலவும் தற்காப்பாக நின்றுவிடும். அதே சொட்டு நீர் கீழே வழிந்து, 12 வோல்ட் இணைப்பின் செப்பு முனைகளைப் பச்சையாகக் களிம்பேறச் செய்திருந்தது. களிம்பு மின்சாரத்தின் வழியை அடைக்க, இடையிலேயே அழுத்தம் இழந்துபோயிற்று. ஒரு சொட்டு நீர் இரண்டு பழுதுகளை உண்டாக்கியிருந்தது.

மிகுதி வேலை ஒரு மணி நேரம்தான். குழாயின் முனையை வெட்டிச் சீராக்கிப் புது வளையம் போட்டு இறுக்கினார். இணைப்புப் பெட்டியை உலர்த்தி, உள்ளிருந்த இணைப்புக் கட்டையை மாற்றினார். களிம்பேறிய முனைகளை வெட்டி எறிந்து புதியவை பொருத்தினார். பம்பை ஓடவிட்டு, மூட்டைச் சுற்றி மெல்லிய காகிதத்தைச் சுற்றினார், ஈரம் ஏறவில்லை. மீண்டும் காப்புறுதியை அளந்தார். நூறு மெகா ஓமுக்கு மேல். சுமையோடு வோல்ட்டை அளந்தார், 12.1. பிறகுதான் விசையைப் போட்டார். தூணின் காவல் விசை அசையவில்லை. எரிவாயுவுக்கு மாற்றினார். பொறி தட்டியது, உள்ளே ‘பக்’ என்று சுடர் பற்றும் ஓசை எழுந்தது. கூலியாக ஒரு கோப்பை காப்பியைத் தவிர எதையும் அவர் ஏற்கவில்லை.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை என்றும் அவர் கூறினார். சில வேளை ஃபியூஸ் போயிருக்கும். சில வேளை மிகைச் சூட்டைக் கண்டு தானே அறுத்துக்கொள்ளும் விசை விழுந்திருக்கும். அதை நிமிர்த்துவது எளிது, ஆனால் ஏன் விழுந்தது என்று அறியாமல் மீண்டும் மீண்டும் நிமிர்த்தலாகாது. சில வேளை கடுங்குளிரில், உறைபனியால் கலம் வெடிக்காதிருக்க அமைந்த வால்வு தானே திறந்து நீரையெல்லாம் வெளியே விட்டிருக்கும்; அது பழுதே அன்று. எரிவாயுக் குழாயில் மட்டும், கற்றவர் அன்றி யாரும் கைவைக்கக் கூடாது. 230 வோல்ட் பக்கத்தைத் திறப்பதும் மின்பணி அறிந்தவர் செய்ய வேண்டியதே.

முதியவர் போனபின் ஆசிரியர் ஒரு பாத்திரத்தைக் குழாயடியில் வைத்து வெந்நீர் பிடித்தார். தம் விரலை விட்டுச் சூடு பார்த்தார். அதைச் சன்னலருகே கொண்டுபோய் அம்மையாரின் முன் வைத்து, “குற்றம் என்னுடையது. உன்னைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மன்னித்துவிடு” என்றார். அம்மையார் கைகளை நீரில் அமிழ்த்திக்கொண்டு சற்று நேரம் கண்மூடி இருந்தார். பிறகு, “அடுத்த முறை குழாயை மாற்றும்போது நான் விளக்குப் பிடிக்கிறேன்” என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு பசுக்களைப் பார்க்கப் போவதாகக் கூறி வெளியேறினேன்.

அன்று பிற்பகல் லிண்டாவ் தீவு நகரை அடைந்தோம். துறைமுக வாயிலின் ஒருபுறம் கல்லில் செதுக்கிய சிங்கமும், மறுபுறம் 33 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கமும் 1856ஆம் ஆண்டு முதல் நிற்கின்றன. மழை விட்டிருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் கரை பகிர்ந்துகொள்ளும் அவ்வேரிக்கு அப்பால், பனி மூடிய சிகரங்கள் தெரிந்தன. கணவனும் மனைவியும் கைகோத்து முன்னே நடந்தார்கள். காட்சி அழகானதுதான். ஆனால் என் மனம் அந்த இணைப்புப் பெட்டியிலேயே இருந்தது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம் வீட்டுக் கீசரிலும் இதே மின்சாரம்தான் ஓடுகிறது. காவல் விசை விழுந்தால் அதைத் திட்டிக்கொண்டே குச்சியால் முட்டுக் கொடுக்காதீர்கள். அதை நீக்கிவிட்டு நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, எது விழச்செய்கிறது என்று கண்டு, மின்பணியாளரை அழையுங்கள். வெந்நீர் ஒரு நாள் வராவிட்டால் வாழ்ந்துவிடலாம்.

வீட்டில் ஏதேனும் உடையும்போது, பழகும்போது, காணாமற்போகும்போது நம் நாவில் முதலில் எழுவது “யார் செய்தது?” என்ற கேள்விதான். விடையையும் நாமே வைத்திருக்கிறோம். பெரும்பாலும் அது வீட்டில் எதிர்த்துப் பேசாதவரின் பெயராக இருக்கிறது. அந்த முதியவரோ கருவியை வைத்து அளக்கும்வரை ஒருவர் பெயரையும் உச்சரிக்கவில்லை. சும்மா இருக்கும்போது அளந்தது போதாதென்று, சுமை ஏற்றியும் அளந்தார். நானோ ஐம்பது வயதைக் கடந்தவன். பிறர் வழக்குகளைக் கேட்டே காலம் கழித்தவன். அளக்காமலே ஓர் அம்மையாரைக் குற்றவாளியாக்கினேன். ஊர் திரும்பியபின், கணவன் மனைவி இருவர் என்னிடம் முறையிட வரும்போதெல்லாம், எதைக் கேட்குமுன்பும் அந்த 62 ஓம் என் நினைவுக்கு வருகிறது.